எட்டாம் நம்பர் டாக்

அந்தத் தண்ணீர் ஓரமாக நான் நாலாவது தடவை நடந்து வந்துவிட்டேன். முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. ஆனாலும் உட்கார மனம் வரவில்லை.

ஒரு பக்கம் வானத்தைக் காட்டும் கண்ணாடிக் கட்டடங்கள். மறுபக்கம் நீளமாக வெட்டிய குளம் மாதிரித் தண்ணீர். பெஞ்சுகளில் கோட்டுப் போட்ட ஆண்களும் பெண்களும் உட்கார்ந்து மத்தியானத்துக்கு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் கழுத்து கறுத்த பெரிய வாத்துகள் அதட்டிக் கேட்பதைப் போல் சத்தம் போட்டுக்கொண்டு சுற்றின. வெயில் அடித்தது, குளிரவும் செய்தது. ஷார்ஜாவில் எட்டு வருஷம் வெயிலில் காய்ந்தவளுக்கு, இப்படி ஒரு சூடில்லாத வெயில் புதுசு.

"உம்மா, கொஞ்சம் நில்லுங்க. எத்தனை தரந்தான் இங்கிட்டும் அங்கிட்டும் நடப்பீங்க?" என்றாள் என் மகள் ஜமீலா.

"எட்டாம் நம்பர் கப்பல் டாக் எதுன்னு தெரியலயேடி."

"நம்பரெல்லாம் இப்ப இல்லம்மா. போர்டைப் பாத்தீங்கள்ல? எல்லாத்துக்கும் ஏதோ ஏரியோட பேரை வச்சிருக்கான். மூணு பேர்ட்ட கேட்டுட்டேன். ஒருத்தி, 'எட்டாம் நம்பர் பஸ்ஸா'ங்கறா."

என் கைப்பைக்குள் பிளாஸ்டிக் உறையில் ஒரு கடிதம் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நாலு மணிக்கு மருமகன் வந்துவிடுவார். ஆறு மணிக்கு லண்டனுக்கு ரயில். மறுநாள் காலையில் விமானம். என் ஆயுசுக்கு இந்த ஊரில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு பகல்தான். அதிலும் பாதி போய்விட்டது.

கதவுக்குப் பின்னாலிருந்து

இந்தத் தொடரைப் படிக்கும் சகோதரிகள் கேட்கலாம், ஷார்ஜாவின் முவைலாவில் மூன்றாம் மாடியில் கிடந்த கிழவி இங்கிலாந்துக்கு எப்படிப் போனாள் என்று.

மருமகன் ஹனீஃபாவுக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் வேலை. பழைய லாரிகளின் எஞ்சின், கியர்பாக்ஸ் விற்கும் கடை. சரக்கு முழுவதும் இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்திலிருந்து கன்டெய்னரில் வரும். அங்கே கழித்துப் போட்டதை இங்கே கழுவித் துடைத்து விற்பார்கள். கடைக்குப் பொறுப்பேற்ற கஃபீலான அரபிக்கு மருமகன்மேல் நம்பிக்கை. வருஷத்துக்கு ஒரு தடவை சரக்குப் பார்க்க அவரைத்தான் அனுப்புவார்.

அவர் போய் வரும் ஊரின் பெயர் எனக்கு ஏழெட்டு வருஷமாகத் தெரியாது. காரணம், மருமகனோடு நான் நேரில் பேசுவதில்லை. எங்கள் கடற்கரை ஊர்ப் பழக்கம் அது. மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வாள், மகள் மாப்பிள்ளையிடம் சொல்வாள். ஊரில் பெரிய வீடு, நாலு கதவு இருக்கும். முவைலாவில் இருந்தது ஒரு ஹாலும் ஒரு ரூமும். நான் அடுக்களைக் கதவை ஒருக்களித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு எட்டுத் தள்ளி அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"இன்னும் கொஞ்சம் கறி வைக்கவான்னு கேளு."

"கேக்குறாங்க, கறி வைக்கவான்னு."

"போதும்னு சொல்லு."

"போதுமாம்."

பக்கத்து ஃப்ளாட் மலையாளப் பெண் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கோ பேச வாய் வராது. நான் அப்படியே வளர்ந்தவள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் அவர் சொன்னார்: "இந்தத் தடவை மான்செஸ்டர் போறேன்."

என் கையிலிருந்த தாளிச்சா கிண்ணம் நழுவிக் கீழே விழுந்தது. கிண்ணம் எவர்சில்வர், உடையவில்லை. ஹால் வரைக்கும் தாளிச்சா ஓடியது.

"என்ன ஆச்சும்மா?"

"அந்த ஊரு பேரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லு," என்றேன்.

கையில் வந்த கடிதம்

ஜமீலாவின் வாப்பா கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரர். பம்பாயில் ஏறினால் திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆகும். எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். அவர் எங்கள் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் எட்டு மாதம் தேறும். நல்ல மனிதர். எதற்கும் சிரிக்க வைப்பார். அடுக்களைக்குள் வந்து என் உம்மாவிடமே ஆணத்துக்கு, அதாவது குழம்புக்கு, உப்புக் குறைவு என்பார்.

அந்தக் காலத்தில் தபாலை யார் நம்பினார்கள்? ஊருக்குத் திரும்பும் கப்பல்காரர் யாராவது இருந்தால் அவர் கையில் கடிதத்தைக் கொடுத்துவிடுவார்கள். இப்போது வளைகுடாவிலிருந்து லீவில் போகிறவரின் பெட்டியில் சாமான் திணிக்கிறோமே, அதே பழக்கந்தான். கையில் வந்த கடிதத்துக்குத் தனி மரியாதை உண்டு. அவரையே பார்த்துவிட்டு வந்த கண்ணை நாமும் பார்க்கலாம் அல்லவா?

அந்தக் கடிதமும் அப்படித்தான் வந்தது. கொண்டுவந்தவர் பக்கத்துத் தெரு இபுறாகிம் காக்கா. அவர் வேறு கப்பல். வழியில் நாலு துறைமுகத்தில் நின்று, பம்பாயில் இறங்கி அங்கும் ஒரு மாதம் தங்கிவிட்டுத்தான் ஊருக்கு வந்தார். அவர் வந்து சேர்ந்த அன்று எங்கள் வீட்டில் என் தங்கச்சியின் கல்யாணம்.

நான் சிவப்புப் பட்டுச் சேலை கட்டியிருந்தேன். தலை கொள்ளாத மல்லிகைப்பூ. உள்ளங்கையில் மருதாணி. ஒன்றரை வயது ஜமீலா இடுப்பில்.

"உம் மாப்பிள்ளை நல்லா இருக்காருமா. என்னையே ஒரு நாளு கப்பலுக்குக் கூட்டிப் போயி சோறாக்கிப் போட்டாரு," என்று காக்கா வாசலில் நின்று சொல்லிக் கடிதத்தை உள்ளே அனுப்பினார்.

எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு அஞ்சாங் கிளாஸ். ஆனால் அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் நன்றாக வாசிப்பேன், பெண்கள் மதரசாவில் படித்தது. கல்யாணத்துக்கு வந்திருந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "சத்தமா வாசிடி, சத்தமா வாசி" என்றார்கள். வெட்கத்தோடு வாசித்தேன்:

நான் சுகம். மான்செஸ்டரில் எட்டாம் நம்பர் டாக்கில் நிற்கிறோம். இங்கே கடல் இல்லை. கப்பல் ஊருக்குள்ளே வாய்க்காலில் வந்து நிற்கிறது, நம் ஊர்க் குளத்தில் கப்பல் நின்றால் எப்படி, அப்படி. குளிர் பொல்லாதது. உன் உம்மா ஆணத்தில் போடாத உப்பையெல்லாம் இங்கே பனி உருகட்டும் என்று ரோட்டில் கொட்டுகிறார்கள்.

பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். உம்மாவும்தான் சிரித்தாள். நானும் சிரித்தேன். பூ உதிர்ந்து மடியில் விழ விழச் சிரித்தேன்.

அன்றைக்கு அவர் கண்மூடி மவுத்தாகி நாலு மாதம் ஆகியிருந்தது.

கணக்கு முடிந்துவிட்டது

காக்காவுக்குத் தெரியாது. அவர் கப்பல் கிளம்பிய மறுவாரம் இவருக்கு மார்ச்சளி கண்டிருக்கிறது. டாக்டர் வருவதற்குள் கப்பலிலேயே, தன் படுக்கையிலேயே போய்விட்டார். கப்பல் ஆபீஸின் கடிதம் இவர் முன்பு தங்கியிருந்த பம்பாய் முகவரிக்குப் போய், அங்கே கிடந்து, யாரோ கண்டெடுத்து எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது.

புருசன் மவுத்தானால் மனைவி நாலு மாதம் பத்து நாள் துக்கத்துக்கு இத்தா உட்காரவேண்டும். ஒரே வீட்டில், வெள்ளைத் துணியில், பூ இல்லாமல், நகை இல்லாமல். என் உம்மா உடனே கிழக்கு அறையைக் கழுவிவிட்டாள். வெள்ளைச் சேலையை எடுத்து வைத்தாள். பள்ளிவாசல் ஆலிமுக்கு ஆள் அனுப்பினாள்.

ஆலிம்சா திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கடிதத்தின் தேதியைக் கேட்டார். விரல் விட்டு எண்ணினார். பிறகு மெல்லச் சொன்னார்: "கணக்கு மவுத்தான நாள்ல இருந்துதான்மா. நாலு மாசம் பத்து நாள் கழிஞ்சு போச்சு. புள்ளைக்கு இனிமே இத்தா இல்ல."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கஷ்டத்தைக் குறைக்கிறோம் என்று நினைத்திருப்பார். ஆனால் எனக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. அழுவதற்கு ஓர் அறையும் ஒரு தவணையும் எல்லாப் பெண்ணுக்கும் உண்டு. எனக்கு அது முடிந்த பிறகுதான் சேதியே வந்தது. அந்த நாட்களில் நான் மருதாணி அரைத்துக்கொண்டிருந்தேன்.

என் சாச்சிக்கு வாய் நீளம். "மாப்பிள்ளைக்காக ஒரு நாளு உக்காராத பொம்பளையை நம்ம தெருவுல இப்பத்தான் பாக்குறேன்," என்றாள். என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள்.

அன்று பிடித்தது இந்த நடை. உம்மா வீட்டில் முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடந்தேன். ஷார்ஜாவுக்கு வந்தபின் பால்கனிக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். சோறு தின்னக்கூடப் பாதி நேரம் நின்றபடிதான். "உக்காருங்கம்மா, உக்காருங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி ஜமீலாவுக்கே அலுத்துவிட்டது. சிவப்புச் சேலையை அப்புறம் நான் தொடவில்லை.

விசா

தாளிச்சா கொட்டிய அன்று ஜமீலா எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் நான் கதவுக்குப் பின்னால் நிற்கும்போது அவர் சொன்னார்: "மாமியையும் கூட்டிட்டுப் போவோம்னு சொல்லு. டிக்கெட் போட்டுடறேன்."

 அடுப்பில் இருந்த பால் பொங்கியதுதான் என் பதில்.

விசா ஆபீஸில் கைரேகை எடுத்த பெண், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டாளாம். என்ன சொல்வது என்று ஜமீலா என் முகத்தைப் பார்த்தாள். "சும்மா பாக்கத்தான்னு சொல்லு," என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த ஊரிலேயே அவரை அடக்கிய கபுருக்குப் போகலாமா என்று மருமகன் கேட்டார். எங்கள் ஊரில் பெண்கள் கபுருஸ்தானுக்குள் போவதில்லை. எனக்கு வேண்டியது அவர் மூச்சு நின்ற இடம். புருசன் போன இடத்தில்தானே பெண் உட்காருவாள்! அதனால் இப்படி முடிவாயிற்று: மருமகன் கபுருஸ்தானைத் தேடிப்போய் பாத்திஹா ஓதிவிட்டு வருவார். நானும் ஜமீலாவும் டாக்குக்குப் போவோம்.

நாய்க்காரர்

ஐந்தாவது தடவை நடக்கத் திரும்பியபோது எதிரே ஒரு நாய் வந்தது.

நான் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜமீலாவின் பின்னால் போனேன். நாயைப் பிடித்திருந்தவர் கிழவர். தொப்பி, மூக்கு நுனி சிவப்பு, கையெல்லாம் காய்ப்பு. சிரித்துக்கொண்டே நாயை இழுத்துப் பிடித்து என்னவோ சொன்னார்.

"நாய் ஒண்ணும் செய்யாதாம். அதுக்குப் பல்லே இல்லையாம்."

"பல்லு இல்லாட்டி நாக்கு இருக்குல்ல, நக்கிட்டா இந்தச் சேலையோட தொழ முடியாதே. தள்ளிப் புடிக்கச் சொல்லு," என்றேன்.

ஜமீலா அவரிடம் எட்டாம் நம்பரைக் கேட்டாள். கிழவர் நின்றுவிட்டார். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். தன் நெஞ்சில் விரலால் குத்திக் காட்டிப் பேசினார்.

"உம்மா! இவரு இங்கதான் மூட்டை இறக்கினவராம். இருவது வயசுல இருந்து, டாக்கை மூடுற வரைக்கும். எட்டைத் தேடி ஆள் வந்து எவ்வளவு காலமாச்சுங்கறார்."

அவர் எங்களைத் திருப்பிக் கூட்டிப் போனார். நாலு தடவையும் நான் தாண்டிப்போன இடந்தான். ஒரு காப்பிக் கடையின் பின்பக்கம், தண்ணீர் விளிம்பில், கப்பல் கயிறு கட்டும் இரும்புக் குற்றி ஒன்று நின்றது. கறுப்பு பெயிண்ட் புதிதாக அடித்திருந்தார்கள். கிழவர் அதன் தலையில் தட்டினார், ஆட்டின் முதுகில் தட்டுவதுபோல்.

"இதுதான் எட்டாம் நம்பராம் உம்மா."

தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் கல் தெரிந்தது. அந்தக் காலத்தில் இது தார் மாதிரி இருக்குமாம். ஆற்றுத் தண்ணீர் வராமல் அணைகட்டி, காற்றுச் செலுத்திச் சுத்தம் செய்தார்களாம். இப்போது மீன் இருக்கிறதாம். இந்தக் கண்ணாடிக் கட்டடமெல்லாம் சரக்கு ஷெட்டு நின்ற இடமாம். பம்பாய்க் கப்பல் வந்தால் கரை முழுக்க மசாலா வாசம் அடிக்குமாம். சிகரெட் கொடுத்து ரொட்டியும் கறியும் வாங்கித் தின்பார்களாம்.

ஜமீலாவின் தோளைத் தொட்டேன். "பிள்ளையோட வாப்பாவைத் தெரியுமான்னு கேளு. பண்டாரி. குளிர் காலம். மெலிஞ்ச ஆளு, சிரிச்ச முகம்."

ஜமீலா கேட்டாள். கிழவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"ஞாபகம் இல்லையாம். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேங்கறார். எத்தனையோ கப்பல், எத்தனையோ பேராம்."

சரி என்றேன். திரும்பலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போது அவர் மறுபடியும் பேச ஆரம்பித்தார். கையால் கரை ஓரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை காட்டினார். ஜமீலா கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு மாற்றிச் சொல்லவில்லை. அவள் முகம் மாறிவிட்டது.

"என்னடி சொல்றாரு?"

"உம்மா... கப்பல்ல யாராவது மவுத்தாயிட்டா, அந்தக் கப்பல்ல மூட்டை இறக்குறவங்க எல்லாரும் அப்படியே சாமானைப் போட்டுட்டு இறங்கி வந்துருவாங்களாம். இந்தக் கரையில வரிசையா உக்காந்துருவாங்களாம். மய்யித்தை இறக்கி வண்டியில ஏத்தி, வண்டி கேட்டைத் தாண்டுற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்களாம். மேஸ்திரி கத்துவானாம், கத்தட்டும்னு உக்காந்திருப்பாங்களாம்."

"எந்த ஊரு ஆளா இருந்தாலுமா?"

கேட்டாள். "எந்த ஊரா இருந்தாலும். மவுத்தானவன் பேரு தெரியாட்டியும்."

"மழை பெஞ்சா?"

கிழவர் அதற்குச் சிரித்தார். "இந்த ஊர்ல மழையில்லாத நாளு ஏதும்மான்னு கேக்குறார். நனைஞ்சுக்கிட்டே உக்காந்திருப்பாங்களாம்."

கரையில்

நான் போய் அந்த இரும்புக் குற்றியின்மேல் உட்கார்ந்தேன்.

யாரும் சொல்லவில்லை. கால் தானாகப் போனது. இரும்பு சில்லென்று சேலையைத் தாண்டி ஏறியது. ஜமீலா என் காலடியில் கல்லில் உட்கார்ந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வாப்பாவின் முகம் தெரியாத பிள்ளை. இத்தனை வருஷத்தில் அவள் வாப்பாவுக்காக அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதாள். கிழவர் எங்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி அவரும் உட்கார்ந்தார். பல்லில்லாத நாயும் உட்கார்ந்தது.

நான் கடிதத்தை வெளியே எடுக்கவில்லை. அது எனக்கு மனப்பாடம். ஜமீலாவின் வாப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், வாய்க்குள்ளேயே: அன்றைக்கு நான் சிவப்புச் சேலை கட்டியிருந்தேன், எனக்குத் தெரியாது.

தண்ணீரில் ஒரு வாத்து போய்க்கொண்டிருந்தது. காப்பிக் கடையில் யாரோ கரண்டியால் கோப்பையைக் கலக்கினார்கள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

தூரத்தில் மருமகன் வருவது தெரிந்தது. போனைக் காதில் வைத்தபடி "யல்லா, யல்லா" என்று யாரையோ விரட்டிக்கொண்டு வந்தவர், எங்களைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டார். பக்கத்தில் வந்தார். காலணியில் ஈரப் புல் ஒட்டியிருந்தது.  ஜமீலாவுக்கு அந்தப் பக்கம், நல்ல பேண்டோடு, கல்லில் உட்கார்ந்தார்.

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டேன்:

"இடம் எப்படிங்க இருக்கு?"

ஜமீலாவுக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் மாமியாரின் முதல் நேர்ப் பேச்சு அது. அவர் ஒரு நிமிஷம் ஜமீலாவைப் பார்த்தார், அவள் மாற்றிச் சொல்லுவாள் என்பதுபோல. பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"மரம் இருக்கு மாமி. நல்ல நிழல். கல்லு இல்ல, புல்லுதான். பக்கத்துல நம்ம ஆளுங்க இன்னும் நாலஞ்சு பேரு இருக்காங்க."

"சரி," என்றேன். "தனியா இல்ல."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று முதலில் எழுந்தது நான்தான். கிழவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைச் சுற்றித் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். தொப்பி மடியிலேயே இருந்தது. நாங்கள் கேட்டைத் தாண்டவேண்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ.

முவைலாவுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, பால்கனிக்கும் அடுக்களைக்கும் நான் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தேன். பழகின கால், சும்மா இருக்குமா? ஜமீலா வெங்காயம் உரித்துக்கொண்டே, யோசிக்காமல், பழக்கத்தில் சொன்னாள்:

"உம்மா, ஒரு இடத்துல உக்காருங்களேன்."

"உக்காந்தாச்சு," என்றேன். நடந்தேன்.